ஊராட்சி வளர்ச்சித் திட்டம்: பழைய வேலைப் பட்டியலிலிருந்து புது முறைக்கு மாறுவது எப்படி?

புதிதாக ஊராட்சித் தலைவராகவோ செயலராகவோ வருகிறவரிடம் ஒன்றிய அலுவலகத்திலிருந்து சீக்கிரமே ஒரு போன் வரும். “ஜி.பி.டி.பி. ஏத்தியாச்சா?” எதை ஏற்றுவது, எங்கே ஏற்றுவது, யாரைக் கேட்டு ஏற்றுவது என்று விளங்குவதற்குள் கெடு முடிந்துவிடும். கடைசியில் போன வருடப் பட்டியலையே எடுத்து, தெருப் பெயரை மட்டும் மாற்றி, கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவிடுவார்கள். ஊருக்கு அடுத்த ஆண்டுத் திட்டம் தயார்!

ஜி.பி.டி.பி. என்பது கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம். தமிழ்நாட்டில் சுமார் 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் இதைத் தயாரித்து இ-கிராம் சுவராஜ் என்ற இணையதளத்தில் பதிய வேண்டும். சில ஆண்டுகளாக இதன் முறையே மாறியிருக்கிறது. ஆனால் பல ஊர்களில் இணையதளம் மட்டும் புதிதாக வந்திருக்கிறது, உள்ளே போவது பழைய பட்டியல்தான். முதல் தடவை இந்த வேலையில் கை வைப்பவருக்காக இதை எழுதுகிறேன். தலைவர், வார்டு உறுப்பினர், செயலர், மகளிர் குழுக்காரர் யாராக இருந்தாலும் சரி. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். அப்படிப் பொறுப்பேற்றவருக்கும் வேலை இதேதான்.

எதிலிருந்து எதற்கு மாறுகிறோம்

அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில் 243-ஜி என்ற பிரிவு, பொருளாதார வளர்ச்சிக்கும் சமூக நீதிக்கும் திட்டம் தயாரிக்கும் அதிகாரத்தை மாநிலச் சட்டங்கள் ஊராட்சிக்குத் தரலாம் என்கிறது. பதினோராவது அட்டவணையில் குடிநீர், சிறுபாசனம், தொடக்கக் கல்வி, சுகாதாரம் என 29 துறைகள் உள்ளன. அடுத்த ஆண்டே தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. கேரளத்தில் 1996-லேயே மக்கள் திட்டம் என்று ஊர் ஊராக உட்கார்ந்து திட்டம் போட ஆரம்பித்துவிட்டார்கள். நம் பக்கம் அது சூடு பிடிக்க இன்னும் இருபது வருடம் ஆனது. 2015-இல் ஒன்றிய அரசின் 14-ஆவது நிதிக்குழு மானியம் ஊராட்சிகளுக்கு நேராக வரத் தொடங்கியபோதுதான், திட்டம் போட்டால் பணம் உண்டு என்ற நிலை வந்தது. 2018 அக்டோபர் 2-இல், ஊராட்சித் திட்டங்களைத் தயாரிப்பதற்காக நாடு முழுக்க மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. 2020 ஏப்ரல் 24-இல் இ-கிராம் சுவராஜ் வந்தது. அதற்கு முன் திட்டத்துக்கு ஒரு மென்பொருள், வேலை முன்னேற்றத்துக்கு ஒன்று, கணக்குக்கு இன்னொன்று என்று இருந்ததை இது ஒரே இடத்தில் கொண்டுவந்தது.

உண்மையான மாற்றம் அதற்கும் பிறகு வந்தது. ஐ.நா. வகுத்த 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளை, ஒன்றிய அரசின் ஊராட்சி அமைச்சகம் கிராமத்துக்குப் பொருந்தும்படி ஒன்பது கருப்பொருள்களாகச் சுருக்கியது. வறுமையற்ற, நல்ல வாழ்வாதாரமுள்ள ஊர், நலமான ஊர், குழந்தை நேய ஊர், நீர் நிறைந்த ஊர், தூய்மையும் பசுமையும் உள்ள ஊர், தன்னிறைவான உள்கட்டமைப்பு, சமூகப் பாதுகாப்பு, நல்லாட்சி, மகளிர் நேய ஊர். திட்டத்தில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வேலையும் இந்த ஒன்பதில் ஒன்றோடு இணைய வேண்டும்.

பழைய முறையில் ‘எவ்வளவு பணம் வருகிறது, அதில் எத்தனை சிமெண்ட் ரோடு போடலாம்’ என்றுதான் கணக்குத் தொடங்கும். இப்போது ‘ஊரில் யாருக்கு என்ன இல்லை’ என்று தொடங்கச் சொல்கிறார்கள். படிக்கச் சின்ன வித்தியாசமாகத் தெரியும். நடைமுறையில் பட்டியலே தலைகீழாகிவிடும், பாருங்கள்.

முதலில் ஆள் சேர்ப்பு

இதில் நிறைய நேரம் செலவழிக்க வேண்டாம். திட்டமிடல் உதவிக் குழு என்று ஒன்றை அமைக்கச் சொல்கிறார்கள். தலைவர், வார்டு உறுப்பினர்கள், செயலர் எப்படியும் இருப்பார்கள். அவர்களோடு கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், பள்ளித் தலைமை ஆசிரியர், கிராம நிர்வாக அலுவலர், மகளிர் குழுக் கூட்டமைப்பிலிருந்து இரண்டு பேர். தண்ணீர்த் தொட்டி ஆப்பரேட்டரையும் ஒரு தூய்மைக் காவலரையும் கட்டாயம் சேருங்கள். எந்தத் தெருவில் தண்ணீர் ஏறாது, எந்தச் சாக்கடை எங்கே போய் நிற்கிறது என்று ஊரிலேயே இவர்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும். அழைப்பிதழில் பெயர் இல்லாததால் கூட்டத்தில் வாசலோடு நின்றுவிடுவார்கள்.

தொடங்குகிற மாதம் முக்கியம். அடுத்த நிதியாண்டுத் திட்டத்துக்கான இயக்கம் அக்டோபர் 2 கிராம சபையில் தொடங்கும். ஆகஸ்ட் 15 சபை முடிந்த கையோடு தகவல் திரட்ட இறங்கினால்தான் அக்டோபரில் பேச ஏதாவது இருக்கும்.

ஊரைச் சுற்றி வருவது

முழு வேலையிலும் அதிக நாள் கொடுக்க வேண்டியது இதற்குத்தான்.

தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்குள் 79,394 குடியிருப்புகள் இருப்பதாக ஊரக வளர்ச்சித் துறைக் கணக்கு. அதாவது சராசரியாக ஓர் ஊராட்சிக்கு ஆறு குடியிருப்பு. தாய்க் கிராமத்தில் அலுவலகம் இருக்கும், தலைவர் வீடு பெரும்பாலும் அங்கேயே இருக்கும், திட்டமும் அங்கேயே நின்றுவிடும். அதனால் முதலில் ஒரு தாளில் எல்லாக் குடியிருப்பின் பெயரையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே கடந்த ஐந்து வருடத்தில் நடந்த வேலைகளை எழுதுங்கள். எந்த வரி காலியாக இருக்கிறதோ அங்கிருந்து நடக்கத் தொடங்குங்கள். பல ஊர்களில் அந்தக் காலி வரி ஆதிதிராவிடர் குடியிருப்பாக இருக்கும். ‘காலனி’ என்ற சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல்லை அரசாணையால் எடுத்துவிடலாம், காலி வரியை நிரப்புவது உங்கள் ஊராட்சியின் வேலை.

காலை ஆறு மணிக்குப் போங்கள். தண்ணீர் வரும் நேரம் அது. எந்தக் குழாயில் எத்தனை குடம் வரிசையில் நிற்கிறது, கடைசி வீட்டுக்கு வரும்போது வேகம் எப்படி இருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். பதினொரு மணிக்குப் போனால் குழாயும் காய்ந்திருக்கும், ஆட்களும் வேலைக்குப் போயிருப்பார்கள். ‘எல்லா வீட்டுக்கும் இணைப்பு கொடுத்தாச்சு’ என்ற பதிவேட்டு வரியை நம்பி எழுதிக்கொண்டு வந்துவிடுவீர்கள். இணைப்பு இருப்பதும் தண்ணீர் வருவதும் இரண்டு தனித் தகவல்கள். இரண்டையும் தனித்தனியே குறியுங்கள்.

தெரு முக்கில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போடுவது பழைய உத்தி, இன்றும் அதைவிடச் சிறந்த ஒன்றை நான் பார்க்கவில்லை. வீடு, குழாய், தெருவிளக்கு, ஓடை, சுடுகாட்டுப் பாதை எல்லாவற்றையும் ஊர்க்காரர்களையே போடச் சொல்லுங்கள். முதல் பத்து நிமிடம் ஆண்கள் போடுவார்கள். அப்புறம் ஒரு அம்மா வந்து, “அந்த லைட்டு எரிஞ்சு ஆறு மாசம் ஆச்சு, அத ஏன் போட்ட?” என்று கேட்டு அழிப்பார். அங்கிருந்துதான் வரைபடம் உண்மையாக ஆரம்பிக்கும். முடிந்ததும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு நோட்டில் வரைந்துகொள்ளலாம்.

அடுத்தது பதிவேடுகள். அந்தியோதயா கணக்கெடுப்பு என்று ஊர்வாரியாக வசதிகளைக் கேட்டு எடுத்த தகவல் இருக்கிறது. ஊராட்சி வளர்ச்சிக் குறியீடு என்று இன்னொன்றும் வந்திருக்கிறது. ஒன்பது கருப்பொருளுக்கும் தனித்தனியே மதிப்பெண் போட்டு, ஊராட்சியை ஐந்து தரத்தில் ஒன்றில் வைப்பார்கள். 2022-23 ஆண்டை அடிப்படையாக வைத்த முதல் அறிக்கை 2025 ஏப்ரலில் வெளியானது. நாடு முழுக்க 2.16 லட்சத்துக்கும் அதிகமான ஊராட்சிகளில் முதல் தரத்தில் ஒன்றுகூட இல்லை. இரண்டாம் தரத்தில் 699. சுமார் 1.32 லட்சம் ஊராட்சிகள் நான்காம் தரத்தில் நின்றன. ஆகவே உங்கள் ஊர் மதிப்பெண் குறைவாக இருந்தால் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எந்தக் கருப்பொருளில் குறைவு என்று மட்டும் பாருங்கள். அந்த எண்ணையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். கொடுத்த தகவல் தப்பாக இருந்தால் மதிப்பெண்ணும் தப்புதான். நீங்கள் நடந்து பார்த்ததோடு ஒப்பிட்டு, முரண்படும் இடங்களைச் சிவப்பு மையில் குறித்து வையுங்கள். அடுத்த முறை தகவல் கேட்கும்போது திருத்துவதற்கு அது வேண்டும்.

மகளிர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு, வறுமை ஒழிப்புத் திட்டம் ஒன்றைத் தனியே தயாரித்து வைத்திருக்கும். யாருக்கு முதியோர் ஓய்வூதியம் வரவில்லை, யாருக்குக் குடும்ப அட்டை இல்லை, எந்த வீட்டுக்குத் தொழிலுக்குக் கடன் தேவை என்று வீடு வீடாகக் கேட்டு எழுதியது. கிராம சபையில் அதை ஊராட்சித் திட்டத்தோடு சேர்க்க வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் இரண்டு நோட்டும் ஒன்றையொன்று பார்க்காமலே அந்த வருடம் முடிந்துவிடும். கூட்டமைப்புத் தலைவியிடம் நீங்களே போய் அதைக் கேட்டு வாங்குங்கள்.

பணக் கணக்கு

எவ்வளவு வரும் என்று தெரியாமல் திட்டம் போட்டால் அது ஆசைப் பட்டியலாகிவிடும். ஒன்றிய அரசின் நிதிக்குழு மானியம், மாநில நிதிக்குழு மானியம், சொந்த வருவாய், பிற திட்ட நிதி ஆகிய நான்கையும் தனித்தனிப் பத்தியில் எழுதிக்கொள்ளுங்கள்.

தலைவலி கொடுப்பது முதல் இனம். 2021–26 காலத்துக்கான 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 40 விழுக்காடு கட்டற்றது. சம்பளம், அலுவலகச் செலவு தவிர ஊரின் தேவைக்கு ஏற்பச் செலவழிக்கலாம். மீதி 60 விழுக்காடு கட்டுள்ள நிதி. அதில் பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு. மற்றப் பாதி துப்புரவுக்கு. கணக்குக்காக ஓர் ஊராட்சிக்கு 10 லட்சம் ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 3 லட்சம் தண்ணீருக்கு, 3 லட்சம் துப்புரவுக்கு, சிமெண்ட் ரோட்டுக்கோ தெருவிளக்குக்கோ தொடக்கூடியது 4 லட்சம் மட்டும்தான். இதை முதல் நாளே எல்லா வார்டு உறுப்பினர்களிடமும் சொல்லிவிட வேண்டும். நான் உடன் இருந்து பார்த்த ஓர் ஊராட்சியில் இதைச் சொல்லாமல் விட்டதால், ஒன்பது வார்டுக்கும் ஆளுக்கு ஒரு ரோடு என்று பேசி முடித்துவிட்டார்கள். பிறகு ஐந்து ரோட்டைப் பட்டியலிலிருந்து எடுத்தபோது நடந்த சண்டை ஆறு மாதம் ஓடியது.

தண்ணீர், துப்புரவு இரண்டில் ஒன்றில் தேவை முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று கிராம சபை சான்று சொல்லி, மேல் அலுவலரும் அதை உறுதி செய்தால், அந்தப் பங்கை மற்றொன்றுக்குத் திருப்பலாம். 2026 ஏப்ரலிலிருந்து 16-ஆவது நிதிக்குழுவின் ஐந்தாண்டு. பழைய விகிதத்தை மனப்பாடமாகப் போடாமல், அந்தந்த ஆண்டுச் சுற்றறிக்கையைப் பார்த்துப் பிரியுங்கள்.

மாநில நிதிக்குழு மானியத்தைக் கையில் இருக்கும் காசாக நினைத்துவிட வேண்டாம். மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் கட்டும் மின் கட்டணம், கூட்டுக்குடிநீர்க் கட்டணம், பணியாளர் சம்பளம் எல்லாம் போய் மிஞ்சுவதுதான் திட்டத்துக்கு. கடந்த பன்னிரண்டு மாத மின் கட்டண ரசீதுகளை எடுத்து ஒருமுறை கூட்டிப் பாருங்கள். எந்தக் குடியிருப்பு மோட்டார் அளவுக்கு மீறித் தின்கிறது என்பது அதிலேயே தெரியும். பழைய மோட்டாரை மாற்றுவதும் ஒரு திட்டம்தானே!

சொந்த வருவாய் என்றால் வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், உரிமக் கட்டணம், கட்டட அனுமதிக் கட்டணம். தொகை சிறியது என்று இதைக் கடைசியில் எழுதுவார்கள். ஆனால் மேலே இருந்து யாரும் கட்டுப் போடாத பணம் இது ஒன்றுதான். கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006-இல் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை நிறுவியது. சொந்த நிதியும் வங்கிக் கடனும் சேர்ந்த பணம் அது. கடன் கொடுக்க வங்கி முன்வர வேண்டுமானால் ஊராட்சியின் வரவு செலவு புத்தகம் ஒழுங்காக இருந்தாக வேண்டும். எல்லா ஊரும் காற்றாலை வாங்க முடியாது, சரி. நிலுவையில் கிடக்கும் வீட்டு வரியை வசூலிக்கும் வேலையைத் திட்டத்தில் ஒரு வரியாக எழுதலாம், நல்லாட்சிக் கருப்பொருளின் கீழ் வந்துவிடும்.

பிற திட்ட நிதியில் நூறு நாள் வேலை என்று ஊர் சொல்லும் ஊரக வேலைத் திட்டம், வீடு கட்டும் திட்டங்கள், தூய்மை பாரத இயக்கம், சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி எல்லாம் வரும். இவை உங்கள் கையில் இல்லாவிட்டாலும் பட்டியலில் எழுதுங்கள். வேறு நிதியில் வரப்போகிற வாய்க்காலுக்கு ஊராட்சிப் பணத்தையும் ஒதுக்கிவிட்டு முழிப்பதைத் தவிர்க்கலாம்.

இரண்டு கருப்பொருள் போதும்

ஒன்பதும் முக்கியம்தான். ஆனால் அந்த ஆண்டுக்கு எதை முன்னிறுத்துகிறோம் என்று ஊராட்சி உறுதிமொழித் தீர்மானம் போட வேண்டும். ஆர்வத்தில் ஐந்து, ஆறு என்று எடுக்க வேண்டாம். என்னைக் கேட்டால் இரண்டு. பணம் கேட்கிற கருப்பொருள் ஒன்று, அதிகம் கேட்காத கருப்பொருள் ஒன்று.

பணம் கேட்காத வேலைகளையும் திட்டத்தில் எழுதலாம் என்பதே புதியவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. செலவில்லா நடவடிக்கை என்று பதிவதற்கு இடம் இருக்கிறது. அங்கன்வாடியில் எடை குறைந்த குழந்தைகள் எத்தனை பேர், அவர்கள் வீட்டுக்கு மாதம் ஒருமுறை செவிலியரோடு குழு உறுப்பினர் ஒருவர் போவது. பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கணக்கெடுத்துத் திரும்பச் சேர்ப்பது. ஓய்வூதியம் கிடைக்காத முதியவர்களுக்கு ஒரே நாளில் முகாம் போட்டு மனு எழுதுவது. எல்லாமே திட்ட வரிகள்தான். குறியீட்டில் மதிப்பெண் ஏறுவதும் பெரும்பாலும் இவற்றால்தான். எத்தனை ரோடு போட்டாலும் இரத்தசோகைக்கான மதிப்பெண் அசையாது.

வேலையைப் பட்டியலில் எழுதும் முன்

ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு கேள்வி. இடம் யாருடையது? இந்த வேலை யார் அதிகாரத்தில் வருகிறது?

ரோடு என்றால் ஊராட்சி ரோடா, ஒன்றிய ரோடா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று பாருங்கள். ஏரி என்றால் ஆயக்கட்டை, அதாவது அந்த ஏரித் தண்ணீர் பாயும் நிலப்பரப்பைப் பாருங்கள். 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ளவை ஊராட்சி ஒன்றியத்திடம், அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையிடம். கட்டடம் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைக் கேட்டு, புறம்போக்கா, பட்டாவா, நீர்நிலையா என்று பார்க்காமல் எழுதவே கூடாது. நில விவரங்கள் உள்ள அ-பதிவேட்டில் வாய்க்கால் என்று இருக்கும் இடத்தில் கழிப்பறை கட்டத் திட்டம் போட்டு, தொகையும் ஒதுக்கி, ஓவர்சியர் அளக்க வந்த அன்றைக்கு உண்மை தெரியவந்து வேலை நின்றுபோன கதை ஊருக்கு ஒன்று இருக்கும்.

உங்கள் கைக்கு மீறியதை விட்டுவிடவும் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூடுதல் கட்டடம், பேருந்து வராத பாதை, பெரிய ஏரியின் மதகு ஆகியவற்றைத் தனிப் பட்டியலாக்கிக் கிராம சபைத் தீர்மானத்தோடு ஒன்றியத்துக்கும் மாவட்ட ஊராட்சிக்கும் அனுப்புங்கள். அவர்களும் திட்டம் போட வேண்டியவர்கள்தான், எல்லாவற்றையும் ஒன்றுசேர்க்க மாவட்டத் திட்டக் குழு என்று ஒன்று அரசியலமைப்பிலேயே இருக்கிறது. அனுப்பியதற்கு ஒப்புகை வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

பிறகு ஓவர்சியரையோ உதவிப் பொறியாளரையோ கூட்டிக்கொண்டு இடத்துக்கே போய்த் தோராய மதிப்பீடு வாங்குங்கள். ‘எல்லாம் 2 லட்சம்னு போடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்’ என்பார்கள். அப்புறம் பார்க்கும்போது எஸ்டிமேட் 3.40 லட்சம் என்று வரும், வேலை பாதியில் நிற்கும்.

கிராம சபை

தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. திட்டத்துக்குக் குறைந்தது இரண்டு சபை வேண்டும். ஒன்றில் ஊரின் குறைகளை முன்வைத்துப் பேசுவது, மற்றொன்றில் தயாரான திட்டத்தைப் படித்து ஒப்புதல் வாங்குவது. ஒரே சபையில் இரண்டையும் முடித்தால் இரண்டும் நடந்திருக்காது.

குறைவெண் வரம்பு மக்கள்தொகையைப் பொறுத்தது. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். நோட்டீஸ் ஒரு வாரம் முன்பே எல்லாக் குடியிருப்புக்கும் போக வேண்டும். தண்டோரா வேண்டாம் என்று 2022-இல் அரசே சொல்லிவிட்டது. ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லுங்கள்.

சபைக்கு முன் மகளிர் சபையும் குழந்தைகள் சபையும் தனியாக நடத்துங்கள். பொதுக் கூட்டத்தில் பெண்கள் எண்ணிக்கையில் அதிகமாக இருப்பார்கள், மைக்கைப் பிடிப்பவர் ஆணாகவே இருப்பார். கழிப்பறை, சாராயக் கடை, இருட்டான பாதை பற்றியெல்லாம் மகளிர் சபையில்தான் பேச்சு வரும். குழந்தைகள் சபையைச் சடங்காக நினைக்காதீர்கள். பள்ளிக்கூட வாசலில் தேங்கும் தண்ணீரைப் பற்றிப் பெரியவர்கள் யாரும் சொல்லாதபோது நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

சபையில் திட்டத்தைப் படிக்கும்போது தொகையோடும் இடத்தோடும் படியுங்கள். ‘குடிநீர்ப் பணிகள் 3 லட்சம்’ என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ‘கீழத்தெரு கடைசி எட்டு வீட்டுக்குப் பைப் லைன், 1 லட்சத்து 20 ஆயிரம்’ என்று படியுங்கள். உடனே ஒருவர் எழுந்து, எட்டில்லை பதினொரு வீடு என்பார். அந்தத் திருத்தத்துக்காகத்தான் சபையைக் கூட்டுவதே. தீர்மான நோட்டில் வேலைவாரியாக எழுதி அங்கேயே கையெழுத்து வாங்குங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு பிறகு நிரப்பும் பழக்கம் சில இடங்களில் உண்டு. தணிக்கையில் மாட்டும்போது முதலில் கேள்வி கேட்கப்படுவது கையெழுத்துப் போட்ட தலைவர்தான், எழுதியவர் அல்ல.

கடைசியாகக் கணினி

இதுவரை செய்ததெல்லாம் ஒழுங்காக இருந்தால் பதிவது ஒரு நாள் வேலை. இ-கிராம் சுவராஜில் உங்கள் ஊராட்சியின் குறியீட்டு எண்ணோடு உள்ளே நுழைந்து, முதலில் ஊராட்சி விவரங்களைச் சரிபாருங்கள். பழைய தலைவர் பெயரே இன்னும் இருக்கும், அதை மாற்ற வேண்டும். அடுத்து நிதி ஆதாரங்களைத் திட்டவாரியாக இடுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு வேலையும்: பெயர், இடம், துறை, கருப்பொருள், எந்த நிதி, கட்டுள்ளதா கட்டற்றதா, மதிப்பீடு. நிதியைவிட வேலைகளின் தொகை அதிகமாகாமல் பாருங்கள்.

வேலையின் பெயரை ஐந்து வருடம் கழித்துப் படிப்பவருக்கும் புரியும்படி எழுதுங்கள். ‘ரோடு வேலை’ என்று எழுதாமல், எந்தக் குடியிருப்பு, எந்தத் தெரு, எங்கிருந்து எதுவரை என்று. இந்தப் பதிவை யார் வேண்டுமானாலும் உள்நுழையாமலேயே இணையத்தில் பார்க்கலாம். பக்கத்து ஊர்க்காரர் பார்ப்பார், தேர்தலில் உங்களிடம் தோற்றவரும் பார்ப்பார்.

சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்தும் முன் ஒரு பிரதி அச்செடுத்துத் தீர்மான நோட்டோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். சமர்ப்பித்த பிறகு நினைத்தபோது திருத்த முடியாது. விட்டுப்போனதற்குத் துணைத் திட்டம் போடலாம், அதற்கும் சபை ஒப்புதல் வேண்டும். திட்டத்தில் இல்லாத வேலைக்கு நிதிக்குழுப் பணத்தில் பில் போட முடியாது. பணம் கொடுக்கும்போது ஒவ்வொரு ரசீதும் திட்டத்தில் உள்ள வேலையின் எண்ணோடு இணையும். ஒருவர் பதிய, இன்னொருவர் மின் கையொப்பத்தால் ஒப்புதல் தந்த பிறகுதான் பணம் ஒப்பந்தக்காரர் கணக்குக்குப் போகும். வேலை தொடங்கும் முன், நடக்கும்போது, முடிந்த பின் என்று இடக்குறியோடு படம் எடுத்து ஏற்ற வேண்டும். முதல் படத்தை மறந்துவிட்டு வேலையை முடித்தவர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. ரோடு போட்ட பிறகு, போடாத ரோட்டை எப்படிப் படம் எடுப்பது?

செய்து முடித்த பிறகு

ஒப்புதல் ஆன திட்டத்தை ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒட்டுங்கள். அடுத்து வரும் ஒவ்வொரு கிராம சபையிலும் முதல் பொருளாக, எது முடிந்தது, எது நடக்கிறது, எது ஏன் நிற்கிறது என்று ஐந்து நிமிடம் படியுங்கள். முதல் வருடம் பட்டியலில் பாதிகூட முடியாமல் போகலாம். நின்றதற்கான காரணத்தை எழுதி வைத்தால் அடுத்த வருடம் அந்த இடத்திலிருந்து தொடரலாம், இல்லாவிட்டால் மறுபடியும் ஆறு மணிக்குக் குழாயடிக்குப் போக வேண்டும்.

இன்னொன்று, உள்நுழைவுப் பெயரும் கடவுச்சொல்லும் மின் கையொப்பச் சாவியும் யாரிடம் இருக்கின்றன என்று இன்றைக்கே பாருங்கள். மாறுதலில் போன செயலரின் பீரோவிலோ, பக்கத்து ஊர் கம்ப்யூட்டர் சென்டரிலோ இருக்கலாம். கேட்டு வாங்கி, கடவுச்சொல்லை மாற்றி, சாவியின் காலாவதித் தேதியை அலுவலக நாட்காட்டியில் குறித்து வையுங்கள். மார்ச் மாதக் கடைசி வாரத்தில் அது காலாவதியானால் அந்த வருடப் பில்கள் அப்படியே நின்றுவிடும்.